லயத்தைச் சுற்றி வந்த அதிரசம்

பொகவந்தலாவை,
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

என் செல்ல மகள் சுலக்ஷனாவுக்கு அம்மா எழுதுவது,

முருகன் தயவில் நானும் உன் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். மழையும் பனியும் மாறிமாறி வந்தாலும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, என் பிரஷரும் மாத்திரைக்கு அடங்கி நடக்கிறது. நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, காலுக்கு சொக்ஸ் போட்டு, சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், அவர் திருப்பித் தரும்போது சிக்னல் போய்விடுகிறது, சிக்னல் தேடிக் கோயில் மேட்டில் ஏறி நின்றால் லயத்து வரிசை வீடெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது. இதுவோ ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய சங்கதி. உன்னோடு வேலை செய்யும் ஹட்டன் பிள்ளை ரூபிகா லீவு முடிந்து புதன்கிழமை ஜப்பானுக்குத் திரும்புகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி, பயப்படாதே, நல்ல செய்திதான். இந்த வருஷம் தீபாவளிக்கு நம் லயத்தில் பலகாரத் தட்டு கிடையாது! பன்னிரண்டு வீட்டில் எந்த வீட்டிலிருந்தும் எந்த வீட்டுக்கும் ஒரு தட்டுகூடப் போகாது. அதை நிறுத்தியது யார் தெரியுமா, உன் அம்மாதான். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, கை ஓடமாட்டேன் என்கிறது.

முதலில் போன வருஷத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன், அதைச் சொல்லாமல் இது விளங்காது. நான்கு வருஷத்துக்குப் பிறகு ஐந்து நாள் லீவில் நீ வந்தாய். நான் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நாலரை மணிவரைக்கும் கொழுந்தெடுத்துவிட்டு, வந்ததும் வராததுமாக அடுப்படியில் உட்கார்ந்தேன். பதினொரு வீட்டுக்குத் தட்டு அனுப்ப வேண்டுமே, முறுக்கு, அதிரசம், பயத்தம் உருண்டை, சிப்பி, கொக்கிஸ் என்று ஐந்து வகை. ஒரு வகை குறைந்தாலும் பேச்சாகிவிடும் என்று எனக்கு நானே பயம். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய், உன் வேலையைப் பற்றி, நீ பராமரிக்கும் அந்த ஜப்பான்காரக் கிழவர்களைப் பற்றி என்னென்னமோ சொன்னாய். நான் ஊம் கொட்டினேனே தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் தலை சுற்றிச் சட்டி சரிந்து என் கணுக்காலில் எண்ணெய் தெறித்தது, நீதான் மருந்து பூசிக் கட்டுப் போட்டாய். மறுநாள் அந்தக் காலை இழுத்துக்கொண்டே பதினொரு வீட்டுக்கும் தட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். நீ வேண்டாம் என்று கெஞ்சினாய், நான் கேட்கவில்லை. தீபாவளியிலிருந்து மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏறும்போது நீ சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "அம்மா, நான் ஒங்களப் பாக்கத்தான் வந்தேன். அஞ்சு நாளும் ஒங்க முதுகத்தான் பாத்தேன். இனி தீவாளிக்கு நான் வரல" என்றாய். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், நீ நிதானமாகச் சொன்னாய். கோபத்தில் சொல்கிறாள், ஆறிவிடும் என்று உன் அப்பா சொன்னார். எனக்குத் தெரியும், நீ கோபத்தில் சொல்லும் பிள்ளை இல்லை.

இப்போது உனக்குத் தெரியாத கதைக்கு வருகிறேன். நான் அதிரசம் தட்டிக்கொண்டிருந்தபோது நீ ஒன்றை எடுத்துச் சுண்டு விரலால் இரண்டு கண் குத்தி, கரண்டி விளிம்பால் சிரிக்கிற வாய் கீறி என் முன்னால் நீட்டினாயே, நினைவிருக்கிறதா? என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாய். நான் வேலையைக் கெடுக்காதே என்று உன் கையைத் தட்டிவிட்டு, மாவு வீணாகக் கூடாது என்று அதையும் எண்ணெயில் போட்டு எடுத்து, அடுத்த வீட்டு ஜீவராணிக்கு அனுப்பிய தட்டில் அடியில் வைத்து மறைத்து அனுப்பிவிட்டேன். நீ போன அன்று பின்னேரம் பன்னிரண்டாம் வீட்டு முத்துலிங்கத்தின் பெண்சாதி, வெறுந்தட்டைத் திருப்பக் கூடாது என்று எங்கள் தட்டில் பலகாரம் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். மேலே மூடியிருந்த வாழை இலையை எடுத்தேன். உன் அதிரசம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆமாம் மகளே, அதே அதிரசம்! ஒரு கண் கொஞ்சம் அடைபட்டிருந்தது, வாய் அப்படியே இருந்தது. எல்லார் வீட்டிலும் பலகாரம் மலையாகக் கிடந்ததால் ஒருவரும் அதைத் தின்னவில்லை, தட்டு மாறித் தட்டு மாறி லயம் முழுக்கச் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் செய்த வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. நீ காலையில் போய்விட்டாய், அது பின்னேரம் வருகிறது. முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு முதலில் சிரித்தேன், பிறகு எப்படி அழுதேன் என்று கேட்காதே. இதற்குத்தானா காலைச் சுட்டுக்கொண்டேன், இதற்குத்தானா பிள்ளைக்கு முதுகைக் காட்டினேன் என்று நெஞ்சு ஆறவே இல்லை.

தின்னவும் மனம் வரவில்லை, போடவும் மனம் வரவில்லை, பால்மா டின்னில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து வேலை விட்டு வந்து பார்த்தால் டின் காலி. உன் அப்பா தேத்தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டார்! கல் மாதிரி இருந்தது, ஊற வைத்துத்தான் தின்றேன் என்று பெருமை வேறு. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் மனுஷன் தானாகவே விறகு வெட்டி, தண்ணீர் பிடித்து வைத்து, என் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தார். விஷயம் போன ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குத் தெரிந்தது, கூட்டத்தில் எல்லாரோடும் சேர்ந்துதான் அவரும் கேட்டார். அன்றிலிருந்து என்னிடம் ரொம்ப மரியாதையாக இருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

கூட்டம் என்றேனே, அதையும் சொல்கிறேன். ஆவணியிலேயே பெண்டுகள் மத்தியில் இந்தப் பேச்சை எடுத்துவிட்டேன். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டே, இந்த வருஷம் தட்டு அனுப்புவதை விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். கை நின்றுவிட்டது எல்லாருக்கும். ஒருத்திக்கும் என் யோசனையை மறுக்க மனமில்லை, முதலில் நிறுத்தியவள் என்று பெயரெடுக்கவும் ஒருத்திக்கும் மனமில்லை. ஜீவராணிதான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அப்ப எங்க வூட்டு முறுக்க எவ திங்கிறதாம்?" என்றாள். உனக்குத்தான் தெரியுமே, உன் ஜீவராணி சித்தியின் முறுக்குக்கு லயத்தில் எவ்வளவு பேர் என்று. சரி, கூடிப் பேசுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் கூட்டம் வைத்தோம், பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்தானே, ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கும். பெண்கள் பேச வேண்டிய கூட்டத்துக்கு ஆண்களும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். கோயில் தலைவர் சோலைமலை எழுந்து, நல்ல யோசனை, தட்டு வேண்டாம், எல்லாரும் ஒன்றாகக் கொண்டாடுவோம் என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிஷம்தான். ஒன்றாகக் கொண்டாட ஒரு பந்தல் வேண்டும் என்றார் ஒருவர். பந்தல் போட்டால் லைட் வேண்டும், சவுண்ட் பெட்டி வேண்டும் என்றார் இன்னொருவர். அதற்குள் மேல் லயத்துக்கும் சொல்ல வேண்டும், தோட்டத்துத் துரையைக் கூப்பிட்டு மாலை போட வேண்டும், நூறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. பெனர் எழுதும் பொறுப்பை உன் அப்பாவிடம் கொடுத்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அங்கேயே எந்தக் கலர் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். நூறு பேருக்குச் சமைப்பது யார் என்று பார்த்தேன், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நாங்கள்தான். ஐந்து வகை பலகாரத்தைக் குறைக்கப் போய் ஒரு கல்யாணத்தையே தலையில் வாங்கிக்கொள்ளப் போகிறோம்.

சுலக்ஷனா, நான் கூட்டத்தில் எழுந்து பேசியவள் இல்லை, தொழிற்சங்கத்துக் கூட்டத்தில்கூடக் கை தூக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அன்று எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க, எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். நீ வந்தது, என் முதுகைப் பார்த்தது, உன் அதிரசம் லயத்தைச் சுற்றி வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணும் வாயும் வைத்த அதிரசம் என்றதும் முத்துலிங்கத்தின் பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டாள், "ஐயோ அக்கா, அது எங்க வூட்டுக்கு வந்தப்பவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, எவளோ தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான்னு நெனச்சேன்" என்றாள். உடனே ஒவ்வொருத்தியும் எங்கள் வீட்டுக்கும் வந்தது, எங்கள் வீட்டுக்கும் வந்தது என்கிறாள். பன்னிரண்டு வீட்டில் எட்டு வீடு அதைப் பார்த்திருக்கிறது! சிரிப்பு அடங்கவே இல்லை. கடைசியில் ஜீவராணி எழுந்தாள், அவள் முகம் சிவந்திருந்தது. "அக்கா, நான் மூணு வருசமா அதிரசமே சுடல. முறுக்கும் ஒரு படிதான் சுத்துவேன். ஒங்க தட்டு வந்ததும் பிரிச்சு மத்த வூட்டுக்கு வச்சு அனுப்பிருவேன். கை வலி அக்கா, சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான், ஒருத்திக்கொருத்தி உண்மை கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஒருத்தி கடையில் வாங்கித் தட்டில் அடுக்கியிருக்கிறாள், ஒருத்தி தீபாவளியன்று பொழுதுக்கும் படுத்தே கிடந்திருக்கிறாள், இன்னொருத்தி பிள்ளைகளை அடித்திருக்கிறாள். எல்லாருக்கும் பயம் மற்றவளைப் பார்த்து. சோலைமலை அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே, "அப்ப பொம்பளைங்க சொல்றதக் கேப்போம், நமக்கு எதுக்குப் பந்தலு" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் மனம் கோணக் கூடாது என்று காலை ஒன்பது மணிவரைக்கும் ஒரே ஒரு சவுண்ட் பெட்டிக்குச் சம்மதித்தோம்.

இப்போது தீர்மானம் என்ன என்று கேள். லயத்துக்கே ஒரே ஒரு எண்ணெய்ச் சட்டி. கோயில் முற்றத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே, தீபாவளிக்கு முதல் நாள் பகலில் அடுப்பு மூட்டுவது, மூன்று மணிக்கு அணைப்பது. முறுக்கு, அதிரசம், இரண்டே வகை. மாவு பிசைவதும் முறுக்குப் பிழிவதும் ஆண்கள், சுட்டு எடுப்பது நாங்கள் மாறிமாறி. மறுநாள் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுத் தட்டை அவரவர் எடுத்துக்கொண்டு வந்து அங்கேயே உட்கார்ந்து தின்று, தேத்தண்ணீர் குடித்து, தட்டைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. இவ்வளவுதான் தீபாவளி! உன் அப்பா பெனர் போய்விட்ட கவலையில் இருந்தார், இப்போது முறுக்கு உரலைப் பிடித்துக்கொண்டு தினமும் பழகுகிறார். முதல் நாள் கோதுமை மாவைத் தண்ணீராகக் கரைத்து உரலில் ஊற்றி, அது கீழே ஒழுகி, பூனை வந்து நக்கிவிட்டுப் போனது. நேற்று பிழிந்ததில் ஒன்று முழு வட்டமாக வந்துவிட்டது, அதைத் தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் காட்டப் போனார், தட்டு அனுப்பக் கூடாது என்று ஜீவராணி வாசலிலேயே விரட்டிவிட்டாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.

வீட்டு வேலையையும் குறைத்துவிட்டேன். சுவர் முழுக்கப் பெயின்ட் கிடையாது, முன்கதவுக்கு மட்டும் நீலம், அதுவும் அடித்தாகிவிட்டது. துணியும் பஸாரில் ஆளுக்கொன்று எடுத்தாகிவிட்டது, ஹட்டன் கூட்டத்தில் நசுங்கப் போவதில்லை. ஆனால் உன்னிடம் பொய் சொல்லக் கூடாது, பழக்கம் லேசில் விடாது. போன வாரம் கடைக்குப் போனவள், கை தானாக மூன்று கிலோ சக்கரையும் ஒரு போத்தல் எண்ணெயும் வாங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒளித்து வைக்கும்போது உன் அப்பா பார்த்துவிட்டார். "நாகலெட்சுமி, இது யாருக்கு?" என்றார். நான் அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கோயில் சாமான் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். பின்னேரங்களில் கை சும்மா இருக்கும்போது என்னமோ போல இருக்கிறது, எதையோ மறந்துவிட்ட மாதிரி. ஆனால் போன வாரத்தில் ஒரு நாள் வேலை விட்டு வந்து இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு கோப்பை தேத்தண்ணீரை ஆறுவதற்கு முன்னால் குடித்து முடித்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு தெரியுமா?

உன்னிடம் கேட்க வந்ததை இனிக் கேட்டுவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு முன்பு நீ போனில், லீவு எழுதிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று இருக்கிறது என்றாய். வா என்று கூப்பிட எனக்கு அப்போது வாய் வரவில்லை. எதைக் காட்டி உன்னைக் கூப்பிடுவது? இப்போது கூப்பிடுகிறேன். பத்தாம் திகதிக்கு முன்பு லீவு பேப்பர் கொடுத்தால் கிடைக்கும் என்று ரூபிகா சொன்னாள், கொடுத்துவிடு மகளே. கொடுக்கவில்லை என்றால் நான் கோபப்பட மாட்டேன், அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் பேச்சை மட்டும் நம்பாதே, உனக்கு அத்தாட்சி வேண்டும் என்று தெரியும். ரூபிகாவின் பெட்டியைப் பார், போன முறை அவள் வந்தபோது நான்கு கிலோ பலகாரம் கட்டிக் கொடுத்து அவளை ஏர்போர்ட்டில் தவிக்க விட்டேன் இல்லையா, இந்த முறை இந்தக் கடுதாசி மட்டும்தான், கூட ஒரு சின்னப் பொட்டலம் தேயிலைத் தூள். அதைக் கட்டும்போதே கூட இன்னும் எதையாவது வைக்கக் கை எத்தனை தடவை போனது தெரியுமா, வைக்கவில்லை.

வந்தாயானால் ஐந்து நாளும் நீ பேசு, நான் கேட்கிறேன். அந்த ஜப்பான்காரக் கிழவர் யாரோ உன்னைத் தன் மகள் என்று நினைத்துத் தினமும் ஒரு ஆரஞ்சை ஒளித்து வைத்துத் தருவார் என்று போன வருஷம் ஏதோ சொன்னாயே, அதன் மீதி என்ன ஆனது? எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது, வருஷம் முழுக்க அந்த மீதி இல்லாமல் இருக்கிறேன். தீபாவளியன்று விடிகாலையில் உன் தலைக்கு நான்தான் எண்ணெய் வைப்பேன், நீ பெரிய பிள்ளையானதிலிருந்து ஒரு தீபாவளிக்கும் வைக்கவில்லை, வாசலில் நின்று சீக்கிரம் குளி என்று சத்தம் போட்டதோடு சரி. இன்னொன்று, ஜீவராணி கூட்டத்தில் கடைசியாக ஒரு சட்டம் போட்டாள், எல்லாரும் கை தட்டினார்கள். அதிரச மாவில் கடைசி உருண்டையில் யாரும் கை வைக்கக் கூடாது, அது சுலக்ஷனாவுக்கு என்றாள். நீ கண்ணும் வாயும் வைத்துக் கொடு, நானே சுட்டு எடுக்கிறேன், அது எந்தத் தட்டிலும் ஏறாது, எந்த வீட்டுக்கும் போகாது. சட்டி இறங்கிய இடத்திலேயே உனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து சூட்டோடு சூடாக நானே தின்பேன். உன் அப்பா கிட்ட வரக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். போன வருஷம் என் முதுகைப் பார்த்துவிட்டுப் போனாய். இந்த வருஷம் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போ மகளே.

நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் வாழ வேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும் என்று நானும் உன் அப்பாவும் மனமார வாழ்த்துகிறோம், கோயில் விபூதியை இந்தத் தாளின் மடிப்பிலேயே வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது சிந்தாமல் பிரித்து நெற்றியில் வைத்துக்கொள். பத்தாம் திகதியை மறந்துவிடாதே. வருவதானால் சாமான் எதுவும் வாங்கிச் சுமக்காதே, வெறுங்கையோடு வா. நானும் வெறுங்கையோடுதான் வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
இரண்டு கையும் ஓய்வாக இருக்கிற
உன் அம்மா நாகலெட்சுமி.